ஒரே வானம்! மூன்று விலை!

மலேசியாவிலே, கிள்ளான் நகரிலே வாழும் தோழர் ஒருவர் நமக்குக் கடிதம் எழுதியிருக்கிறார். நாலு பக்கக் கடிதம். நலம் விசாரிப்பு நாலே வரி, மிச்சமெல்லாம் கொதிப்பு!

தோழர் லாரி ஓட்டுபவர். அவருடைய பாட்டனார் திருவாரூர்ப் பக்கத்திலிருந்து கப்பலேறி, ரப்பர் தோட்டத்திலே பால் வெட்டப் போனவர். பேரன் நம் கொள்கைக்காரர். கோயில் வாசலை மிதிக்காதவர். ஆனால் அம்மா இருக்கிறார்களே! கண் மூடுவதற்குள் முக்திநாத் பார்த்துவிட வேண்டும் என்று பத்தாண்டுகளாக ஒரே ஏக்கம். “கொள்கை என்னுடையது, ஆசை அம்மாவுடையது. இரண்டையும் மோதவிட எனக்கு மனம் வரவில்லை” என்று எழுதுகிறார். நாம் அவரைக் கடிந்துகொள்ளவில்லை. தாயின் கையைப் பிடித்து அழைத்துச் சென்ற மகனைக் கடிந்துகொள்ளும் கட்சியல்ல நம் கட்சி.

முக்திநாத் நேபாள நாட்டிலே, இமயத்தின் மடியிலே, ஏறத்தாழ 3,700 மீட்டர் உயரத்திலே இருக்கிறது. வைணவர்கள் சொல்லும் 108 தலங்களுள் அதுவும் ஒன்று என்பதால் தமிழ்நாட்டிலிருந்து ஆண்டுதோறும் கூட்டங்கூட்டமாகப் போகிறார்கள். பௌத்தர்களும் அதே இடத்திலே வணங்குகிறார்கள். போவதற்கு வழி, பொக்கராவிலிருந்து ஜோம்சோம் வரை சின்ன விமானம், அங்கிருந்து ஜீப். ஒரு பக்கம் அன்னபூர்ணா, 8,091 மீட்டர். மறு பக்கம் தவுளகிரி, 8,167 மீட்டர். நடுவிலே உள்ள பள்ளத்தாக்கிலே விமானம் நுழைந்து செல்கிறது. இருபது நிமிடப் பயணம். பகல் ஏறினால் காற்று சீறும். ஆகவே காலை வேளையோடு சரி.

கிள்ளான் தோழர் தம் அம்மாவோடு கோலாலம்பூரிலிருந்து வந்தார். திருவாரூரிலிருந்து அவருடைய பெரியப்பா மகன், பெரியம்மாவை அழைத்துக்கொண்டு வந்தார். காத்மாண்டுவிலே இரு குடும்பமும் கூடினார்கள். ஒரே விடுதி, ஒரே நாள், ஒரே விமானம், பக்கத்துப் பக்கத்து இருக்கை. விமானம் மேலே எழும்பும் நேரத்திலே தோழர் வேடிக்கையாகக் கேட்டார்:

“அண்ணே, உங்க டிக்கெட்டு எவ்வளவு ஆச்சு?”

அண்ணன் சொன்னார். தோழருக்குக் காது அடைத்துவிட்டதாம், விமானத்தின் இரைச்சலால் அல்ல!

தாம் கொடுத்தது டாலர். அண்ணன் கொடுத்தது இந்திய ரூபாய். இரண்டையும் ஒரே நாணயமாக மாற்றிக் கணக்குப் போட்டால், அண்ணன் கொடுத்ததைவிடத் தாம் கொடுத்தது வெகு அதிகம். முன் இருக்கையிலே மருந்துப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு ஒரு மலைநாட்டு அம்மையார். அவர் கொடுத்தது நேபாள ரூபாய். அண்ணன் கொடுத்ததைவிடவும் குறைவு.

ஒரு விமானம், ஒரு வானம், ஒரே வேகம், ஒரே ஆபத்து. விலை மட்டும் மூன்று!

“இது என்ன நியாயம் அண்ணே? நான் பேசுவது தமிழ், என் அண்ணன் பேசுவது தமிழ். என் பாட்டனும் அவர் பாட்டனும் ஒரே ஆள். பாஸ்போர்ட்டின் நிறம் மாறியதற்கு அபராதமா? சீட்டிலே வருணாசிரமமா?” என்று கேட்கிறார் தோழர்.

சுடச்சுடக் கேட்டிருக்கிறார். நாமும் சுடச்சுடப் பதில் சொல்லிவிட்டுப் போகலாம்; கைதட்டல் கிடைக்கும். ஆனால் கைதட்டலுக்காகத் தீர்ப்புக் கூறுவது நம் பழக்கமல்ல. ஆராய்வோம்.

முதலில் அந்த அம்மையாரைக் கேட்போம்

நேபாளத்திலே விமானம் என்பது சீமான்களின் சிங்காரத் தேர் அல்ல. பல மலை மாவட்டங்களிலே அது ஊர் பஸ்! ஹும்லா என்றொரு மாவட்டம். அதன் தலைநகர் சிமிகோட். நெடுங்காலம் மோட்டார் சாலையே எட்டிப் பார்க்காத இடம். பிரசவ வேதனையிலே துடிக்கும் தாயைப் பட்டணத்து மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டுமா? விமானம். அரிசி மூட்டை மலையேற வேண்டுமா? விமானம். அங்கே பத்தொன்பது பேர் அமரும் சிறு விமானம்தான் உயிர் நாடி.

அந்த விமானத்தை ஓட்டும் செலவோ மலையளவு. எண்ணெய் அத்தனையும் இந்தியாவிலிருந்து போக வேண்டும். உதிரிச் சாமான் டாலர் கொடுத்து வாங்க வேண்டும். உண்மைச் செலவை அப்படியே பங்கு போட்டு, “இந்தா, இதுதான் உன் கட்டணம்” என்று மலையிலே மூட்டை தூக்கும் கூலிக்காரரிடம் நீட்டினால், அவர் என்ன செய்வார்? நடப்பார்! மூன்று நாள், நான்கு நாள் நடப்பார். நோயாளியைத் தோளிலே தூக்கிக்கொண்டு நடப்பார்.

ஆகவே ஒரு ஏற்பாடு செய்துகொண்டார்கள். உள்நாட்டாருக்குக் குறைந்த விலை. உலகம் சுற்ற வரும் வெளிநாட்டாருக்கு டாலர் விலை. திறந்த எல்லைக்கு அப்பால் இருக்கும் அண்டை நாட்டாரான இந்தியருக்கு இடைப்பட்ட விலை. எவரெஸ்ட் சிகரத்துக்குப் போகிறவர்கள் இறங்கும் லுக்லா நிலையம் இருக்கிறதே, 1964-இல் எட்மண்ட் ஹிலாரி முன்னின்று அமைத்தது, ஓடுபாதை 527 மீட்டர்தான், அதுவும் சரிவானது, அங்கே இறங்கும் வெளிநாட்டார் கொடுக்கும் டாலரிலே ஒரு பங்கு, அதே விமானத்திலே வரும் மலைவாசியின் சீட்டைத் தாங்குகிறது.

இது வருணாசிரமமா? இல்லை தோழரே, இல்லை! வருணாசிரமம் என்பது இல்லாதவனிடமிருந்து பறித்து இருப்பவனுக்குக் கொடுப்பது. பிறப்பைக் காட்டித் தாழ்ந்தவனை மேலும் தாழ்த்துவது. இதுவோ, இளைத்தவனுக்கு ஏணி வைப்பது. 1921-இல் நீதிக்கட்சி ஆட்சி வகுப்புவாரி ஆணை பிறப்பித்தபோது, “எல்லோரும் சமம்தானே, ஏன் சிலருக்கு மட்டும் இடம் ஒதுக்குகிறீர்கள்?” என்று மேல்தட்டிலே இருந்தவர்கள் கேட்டார்கள். சமமாக இல்லாதவர்களைச் சமமாக நடத்துவது சமத்துவம் அல்ல என்று பதில் சொன்னது நம் இயக்கம். அதே நாக்கால் இன்று நேபாள மலைவாசியின் சலுகையைக் குறை கூறலாமா? கூறமாட்டோம்.

நேபாளம் மட்டுமா? ஸ்பெயின் நாட்டைப் பாருங்கள். கனேரித் தீவுகளிலும் பலேரித் தீவுகளிலும் குடியிருப்போர் தலைநிலத்துக்கு விமானத்திலே வந்து போனால், 2018 முதல் கட்டணத்திலே நூற்றுக்கு 75 தள்ளுபடி. அரசே அதை ஏற்றுக்கொள்கிறது. ஸ்காட்லாந்தின் மேட்டுநிலத்தார்க்கும் தீவுவாசிகளுக்கும் 2006 முதல் இப்படி ஒரு திட்டம் உண்டு. கடல் சூழ்ந்தவனுக்கும் மலை சூழ்ந்தவனுக்கும் விமானம் ஆடம்பரமல்ல என்பதை உணர்ந்த அரசுகள் இவை. பாராட்டுகிறோம்!

பின் எங்கே கோணல்?

“அப்படியானால் கிள்ளான் தோழர் கொதித்தது வீண்தானா?” என்று கேட்பீர்கள். வீணல்ல. கோணல் இருக்கிறது, அவர் சுட்டிய இடத்திலே அல்ல, அதற்கு அடுத்த இடத்திலே இருக்கிறது.

முதல் கோணல்: மறைப்பது. தோழருக்குச் சீட்டு விற்ற தரகர், “நீங்கள் வெளிநாட்டார், உங்களுக்கு இன்ன விலை, உள்ளூராருக்கு இன்ன விலை, காரணம் இது” என்று சொல்லவில்லை. “விலை இதுதான், வேறு விலை கிடையாது” என்றாராம். டாலராக வாங்கி, தம் தரகையும் உள்ளே மடித்து வைத்து, வாயை மூடிக்கொண்டார். நியாயமான சலுகையாயிருந்தாலும் திரைக்குப் பின்னே நடந்தால் அது கொள்ளைக்குக் குடை பிடித்துவிடும்! மலைவாசிக்குப் போய்ச் சேர வேண்டிய டாலர் எவ்வளவு, தரகரின் பைக்குப் போனது எவ்வளவு, யார் கண்டார்?

இரண்டாவது கோணல்: அளவுகோல். பாஸ்போர்ட்டைப் பார்க்கிறார்கள், பையைப் பார்ப்பதில்லை. நியூயார்க்கிலே பங்குச் சந்தையிலே பணம் புரட்டுகிறவருக்கும், கிள்ளானிலே இரவு பகலாக லாரி ஓட்டுகிறவருக்கும் ஒரே டாலர் கட்டணம். காத்மாண்டுவிலே மாளிகை கட்டியிருக்கும் வணிகருக்கும், ஜோம்சோமிலே ஆப்பிள் தோட்டத்திலே கூலி செய்கிறவருக்கும் ஒரே சலுகைக் கட்டணம். ஏழைக்கு என்று வைத்த ஏணியிலே எதற்குப் பணக்காரர் ஏற வேண்டும்? ஸ்பெயினிலும் இந்தப் பேச்சு உண்டு. நூற்றுக்கு 75 அரசு கொடுக்கிறது என்று தெரிந்ததும் நிறுவனங்கள் அடிப்படை விலையையே ஏற்றிவிடுகின்றன, தீவுக்காரர் அல்லாத ஏழைப் பயணி அந்தச் சுமையைத் தாங்குகிறார் என்ற குற்றச்சாட்டு அங்கே எழுந்தது.

மூன்றாவது கோணல்: இலாபத்தை இரக்கம் என்று பெயர் சூட்டி விற்பது. மலைவாசிக்காக மிகுதியாக வாங்குகிறோம் என்றால் ஏற்கலாம். ஆனால் தென் அமெரிக்காவிலே, பெருவிலும் அர்ஜென்டினாவிலும், நெடுங்காலம் உள்நாட்டு விமானங்களிலே குடியிருப்போர்க்கு ஒரு விலை, வெளிநாட்டாருக்கு வேறு விலை என்றிருந்தது. விளம்பரத்திலே கண்ணைப் பறிக்கும் குறைந்த விலை. கீழே கண்ணுக்குத் தெரியாத எழுத்திலே “குடியிருப்போர்க்கு மட்டும்”! பிரேசிலிலோ, உள்ளூர் வரி எண் ஒன்று, சி.பி.எப். என்பார்கள், அது இல்லாவிட்டால் விமான நிறுவனத்தின் பக்கத்திலே சீட்டு வாங்கவே முடியாமல் வெளிநாட்டார் விழித்த காலம் உண்டு. கதவைச் சாத்தவில்லை, கைப்பிடியைக் கழற்றி வைத்தார்கள்!

கண்ணாடியையும் பார்ப்போம்

அயலாரைப் பற்றி இத்தனை பேசிய நாம் நம் முகத்தைக் கண்ணாடியிலே பார்க்க வேண்டாமா? மாமல்லபுரத்திலே நுழைவுச் சீட்டுக் கொடுக்கும் இடத்துக்குப் போய்ப் பாருங்கள். 2018-இலே மத்திய தொல்லியல் துறை உயர்த்தி வைத்த கணக்குப்படி, இந்தியருக்கு 40 ரூபாய். வெளிநாட்டாருக்கு 600 ரூபாய். பதினைந்து மடங்கு! சார்க் நாட்டாருக்கு இந்தியர் விலை. ஆகவே இலங்கைத் தமிழர் 40 ரூபாயோடு உள்ளே போகலாம். கிள்ளான் தோழர் தம் பாட்டன் நாட்டுக் கற்கோயிலைப் பார்க்க 600 எடுத்து வைக்க வேண்டும்.

விமானத்திலும் நாம் சளைத்தவர்களல்ல. இந்தியாவிலும் ஒரு காலத்திலே உள்நாட்டு விமானங்களிலே வெளிநாட்டாருக்கென்று டாலர் கட்டணம் இருந்தது. பிறகு அது போயிற்று. இன்று சென்னையிலிருந்து மதுரைக்கு விமானமேறும் ஜப்பானியரிடம் பாஸ்போர்ட்டைக் காட்டித் தனி விலை கேட்பதில்லை. நாமே விட்டொழித்த பழக்கத்தை நேபாளத்தின் ஏழ்மையோடு ஒப்பிட்டுப் பெருமையடித்துக்கொள்ள வேண்டியதில்லை. ஆனால் விட முடியும் என்பதற்கு நாமே சான்று.

ஐரோப்பாவிலே 2008-இல் சட்டமே செய்துவிட்டார்கள். வாங்குகிறவரின் நாட்டையோ குடியிருப்பையோ காட்டி விமான நிறுவனம் விலையிலே பேதம் காட்டக்கூடாது; வரி, தீர்வை எல்லாம் சேர்த்த முழு விலையையும் முதலிலேயே காட்ட வேண்டும் என்று. தீவுக்காரருக்குச் சலுகை வேண்டுமா? அரசு கொடுக்கட்டும், அதற்கென்று வகுத்த விதிப்படி, அறிவித்துவிட்டு. நிறுவனம் தன் இஷ்டத்துக்கு ஆளைப் பார்த்து விலை சொல்லக்கூடாது. இதுதான் நேர்மை!

தலைகீழாகவும் உண்டு

இன்னொரு விந்தை கேளுங்கள். வெளிநாட்டாருக்கு எங்கும் அதிக விலைதான் என்று எண்ணிவிடாதீர்கள். ஜப்பானிலே நடப்பது நேர்மாறு. அந்நாட்டின் இரு பெரும் நிறுவனங்களான ஜப்பான் ஏர்லைன்சும் ஆல் நிப்பான் ஏர்வேசும், வெளிநாட்டிலிருந்து வரும் பயணிகளுக்கு மட்டும் என்று உள்நாட்டு விமானத்திலே தனிச் சலுகைக் கட்டணம் வைத்தன. ஜப்பானில் குடியிருப்பவருக்கு அந்த விலை கிடையாது! 2024-இல் ஜப்பான் ஏர்லைன்ஸ் ஒரு படி மேலே போய், சில நாடுகளிலிருந்து தன் விமானத்திலே வருவோருக்கு உள்நாட்டுப் பயணத்தை இலவசமாகவே இணைத்தது.

ஏன் இந்த தாராளம்? வருகிற விருந்தாளிகள் அத்தனை பேரும் டோக்கியோவிலும் கியோட்டோவிலுமே குவிகிறார்கள். ஹொக்கைடோவும் கியூஷுவும் காத்துக் கிடக்கின்றன. விமானத்திலே இருக்கையும் காலி. காலி இருக்கை காசு தராது. குறைந்த விலை கொடுத்தாவது ஆளை ஏற்றினால், இறங்குகிற ஊரிலே விடுதிக்காரர், உணவுக் கடைக்காரர், வண்டிக்காரர் நாலு பேர் பிழைப்பார்கள். இது அவர்கள் கணக்கு. நேபாளத்தின் கணக்கு ஒருவிதம். ஜப்பானின் கணக்கு வேறுவிதம். இரண்டிலும் தெரிகிற பாடம் ஒன்று: விமானக் கட்டணம் என்பது ஆண்டவன் எழுதிய தலையெழுத்து அல்ல, மனிதன் எழுதிய கணக்கு. மனிதன் எழுதியதை மனிதன் கேள்வி கேட்கலாம், மாற்றலாம்!

உழைப்பாளிக்குச் சில சொற்கள்

நியாயம் பிறக்கும்போது பிறக்கட்டும். அதுவரை நம் தோழர்கள் ஏமாறாமல் இருக்க வேண்டுமே. துறைமுகத்திலும் தோட்டத்திலும் ஆலையிலும் உழைத்துச் சேர்த்த காசிலே, வாழ்நாளில் ஒரு முறை அயல்நாடு பார்க்கப் போகிறவர்கள் இன்று பல்லாயிரம். அவர்களுக்காகச் சில சொற்கள்.

ஒரே இடத்திலே விலை கேட்டு வாங்காதீர்கள். தரகரிடம் கேளுங்கள், பிறகு கைபேசியிலே அந்த விமான நிறுவனத்தின் சொந்தப் பக்கத்தையே திறந்து பாருங்கள். நேபாள நிறுவனங்களின் பக்கங்களிலே, நேபாளியா, இந்தியரா, பிறரா என்று கேட்கும். உங்களுக்கு உரியதைக் குறியுங்கள். உங்களுக்குரிய உண்மை விலை தெரியும். தரகர் சொன்னதற்கும் அதற்கும் உள்ள இடைவெளிதான் தரகு. தமிழ்நாட்டிலிருந்து போகிறவர்கள் பாஸ்போர்ட்டோ தேர்தல் ஆணையத்தின் வாக்காளர் அட்டையோ கையிலே வைத்திருங்கள். இந்தியருக்குரிய கட்டணம் உங்கள் உரிமை. அறியாமல் டாலர் கட்டணம் கொடுத்துவிட்டுப் பின்னால் வருந்தாதீர்கள்.

நாணயத்திலே கவனம் வேண்டும். அட்டை தேய்த்துப் பணம் கட்டும்போது, “உங்கள் நாட்டுப் பணத்திலேயே கட்டுகிறீர்களா?” என்று இயந்திரம் தேனாகக் கேட்கும். அந்தத் தேனிலே கொடுக்கு இருக்கிறது! அவர்கள் வைத்த மாற்று விகிதத்திலே உங்கள் காசு கரையும். உள்ளூர் நாணயத்திலேயே கட்டுகிறேன் என்று சொல்லுங்கள். நம் வங்கி அட்டைகள் அயல்நாட்டுச் செலவுக்கு நூற்றுக்கு 2 முதல் 3.5 வரை தனிக் கட்டணம் பிடிப்பதும் உண்டு; புறப்படுமுன் வங்கியிலே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

மலிவு என்ற சொல்லை மட்டும் நம்பாதீர்கள். ஜப்பானிலே 2012-இல் தொடங்கிய பீச், ஜெட்ஸ்டார் ஜப்பான் போன்ற சிக்கன விமானங்கள் உண்டு. சில வேளை மேலே சொன்ன சலுகையையும் மிஞ்சிய மலிவு. ஆனால் கைப்பை 7 கிலோவுக்கு மேல் போனால் காசு. பெட்டி போட்டால் காசு. இருக்கையைத் தேர்ந்தெடுத்தால் காசு. சிக்கன விமானங்கள் பெரும்பாலும் நரிட்டாவிலிருந்து புறப்படும். நரிட்டாவோ டோக்கியோவின் நடுவிலிருந்து ஏறத்தாழ 60 கிலோமீட்டர். அந்த ரயில் கட்டணத்தையும் சேர்த்துக் கூட்டிப் பாருங்கள். ரயிலே மலிவு என்று பழைய நூல்களை நம்பிப் போகிறவர்களும் ஏமாறுவார்கள். ஏழு நாள் ரயில் சீட்டு 29,650 யென்னாக இருந்தது 2023 அக்டோபரிலே ஒரே தாவலில் 50,000 யென் ஆயிற்று. கணக்கு ஆண்டுதோறும் மாறுகிறது. போகிற ஆண்டின் கணக்கைப் போடுங்கள்.

அவசரமில்லாதவர்கள் தரைவழியையும் எண்ணிப் பாருங்கள். காத்மாண்டுவிலிருந்து பொக்கராவுக்கு ஏறத்தாழ 200 கிலோமீட்டர். பஸ்ஸிலே ஏழெட்டு மணி நேரம். விமானத்திலே அரை மணிக்கும் குறைவு. அங்கே ஏறுகிற பஸ் யாருடைய பாஸ்போர்ட்டையும் பார்த்து மூன்று மடங்கு கேட்பதில்லை. வயதான தாயை அழைத்துச் செல்கிறவருக்கு விமானம், வாலிபருக்குப் பஸ். இதிலே கௌரவக் குறைவு ஒன்றுமில்லை.

சிக்கனம் பேசும்போது உயிரையும் மறந்துவிடக் கூடாது. 2023 ஜனவரி 15-ஆம் நாள் பொக்கராவிலே இறங்க வந்த விமானம் விழுந்து 72 பேர் மாண்டார்கள். ஐரோப்பிய ஒன்றியம் 2013 டிசம்பரிலேயே நேபாள நிறுவனங்கள் அத்தனையும் தன் வானத்திலே பறக்கத் தடை போட்டது. அச்சுறுத்தச் சொல்லவில்லை, வானிலை சரியில்லை, விமானம் இன்று புறப்படாது என்று அறிவித்தால், “பணம் கட்டியிருக்கிறேனே” என்று சண்டை பிடிக்காதீர்கள் என்று சொல்லவே சொல்கிறோம். தாய்நாடு திரும்பும் விமானத்துக்கும் மலை விமானத்துக்கும் இடையே ஒரு நாளாவது, முடிந்தால் இரண்டு நாள், விட்டு வையுங்கள். நெருக்கி வைத்துச் சீட்டு வாங்கி, ஒன்று தவறி, இரண்டும் போனால், மிச்சம் பிடித்ததைப் போல் பத்து மடங்கு போகும்.

கடைசியாக ஒன்று, அழுத்திச் சொல்கிறோம். பொய் சொல்லாதீர்கள்! “உள்ளூராராகக் குறித்து வாங்கிவிடு, யார் பார்க்கப் போகிறார்கள்” என்று யோசனை சொல்லும் கெட்டிக்காரர்கள் உண்டு. விமான நிலையத்திலே பார்ப்பார்கள். வித்தியாசத்தைக் கட்டச் சொல்வார்கள், அல்லது ஏற்றமாட்டார்கள். அதுகூட இரண்டாம் பட்சம். மலைவாசிக்கு என்று வைத்த சலுகையிலே கை வைத்துவிட்டு, பிறகு எந்த மேடையிலே நின்று நாம் சமூக நீதி பேசுவது?

நாம் கேட்பது என்ன?

தோழர் கேட்டது “ஏன் மூன்று விலை?” என்று. நாம் கேட்பது அதைவிடக் கொஞ்சம் பெரிய கேள்வி.

சலுகை வேண்டும், இளைத்தவனுக்கு வேண்டும். அதை மறைவாக அல்ல, பலகையிலே எழுதிக் கொடுங்கள்! 2021-இல் தமிழ்நாட்டிலே சாதாரண நகரப் பேருந்துகளிலே பெண்களுக்குக் கட்டணமில்லாப் பயணம் என்று ஆணை பிறந்தபோது, பேருந்தின் நெற்றியிலேயே எழுதி ஒட்டினார்கள். யாருக்குச் சலுகை, எதிலே சலுகை, எதனால் சலுகை என்பதிலே ஒளிவுமறைவு இல்லை. அந்த அம்மையார் சீட்டு வாங்கும்போது பக்கத்திலே நின்ற ஆண் முழுக் கட்டணம் கொடுத்தார், கொதிக்கவில்லை. ஏன்? காரணம் தெரிந்தது. தன் தாயும் தங்கையும் அதிலே போவார்கள் என்று தெரிந்தது. காரணம் தெரிந்த சுமை பாரமாகத் தெரிவதில்லை. காரணம் மறைத்த சுமைதான் முதுகை ஒடிக்கிறது.

ஆகவே, எந்த நாடாயிருந்தாலும், வெளிநாட்டாருக்கு ஒரு விலையும் உள்நாட்டாருக்கு ஒரு விலையும் வைத்தால், இரண்டையும் ஒரே பலகையிலே, ஒரே நாணயத்திலே எழுதி வையுங்கள். மிகுதியாக வாங்கும் தொகை எந்த மலைக்கு, எந்தத் தீவுக்குப் போகிறது என்று ஆண்டுக்கு ஒரு முறை கணக்குக் காட்டுங்கள். சலுகையை மாளிகைக்காரருக்கும் சேர்த்து வீசாமல், சாலை எட்டாத ஊரிலே குடியிருப்பவருக்குக் குறிவைத்துக் கொடுங்கள். மாமல்லபுரத்துக்கும் இதே நீதிதான். அங்கே வாங்கும் 600 ரூபாயிலே எவ்வளவு அந்தக் கற்களைக் காக்கச் செலவாகிறது என்று மத்திய அரசு சொல்லட்டும். அயலாரிடம் கேட்பதை நாமும் செய்துகாட்டினால்தான் நம் சொல்லுக்கு எடை.

கிள்ளான் தோழர் தம் கடிதத்தின் கடைசி வரியிலே ஒன்று எழுதியிருக்கிறார். விமானம் ஜோம்சோமிலே இறங்கியதும், முன் இருக்கை அம்மையார் படியிலே தடுமாறிய தோழரின் தாயைக் கைகொடுத்து இறக்கிவிட்டாராம். மொழி தெரியாது; சிரித்தாராம். மருந்துப் பெட்டி யாருக்கு என்று சைகையிலே கேட்டதற்கு, தொட்டிலாட்டுவது போல் கை அசைத்துக் காட்டினாராம்.

தோழரே! நீர் கொடுத்த மிகுதிப் பணத்திலே ஒரு பங்கு அந்தத் தொட்டிலுக்குப் போயிருந்தால், அதற்காக வருந்தாதீர். தரகரின் பைக்குப் போன பங்குக்காக மட்டும் கொதியும், விடாமல் கேளும். உம்மோடு சேர்ந்து நாமும் கேட்கிறோம்.